பனமலைச் சிற்பியின் பெயர் எங்கே?

சிலை திறப்பு விழா நடக்கிறது. பந்தல், தோரணம், ஒலிபெருக்கி, மாலை மரியாதை எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, பீடத்தருகே சென்று பாருங்கள். அங்கே பளிங்குப் பலகை ஒன்று பதித்திருப்பார்கள். திறந்து வைத்தவர் பெயர் இருக்கும். தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், வரவேற்றவர், நன்றி கூறியவர் என்று வரிசையாகப் பெயர்கள் இருக்கும். நாளும் இருக்கும், கிழமையும் இருக்கும். ஆனால் பீடத்தை நான்கு புறமும் சுற்றி வந்தாலும் ஒரே ஒரு பெயரைக் காண முடியாது. அதுதான் அந்தச் சிலையைச் செய்த சிற்பியின் பெயர்!

சின்ன விஷயம் என்று தள்ளிவிடத் தோன்றும். சின்ன விஷயமன்று, தோழர்களே! செய்வித்தவன் பெயர் நிலைப்பதும், செய்தவன் பெயர் மறைவதும் இன்று நேற்று வந்த வழக்கமல்ல. 1,300 ஆண்டுகளுக்கு முன்பே அது கல்லில் ஏறிவிட்டது. அந்தக் கல்லைக் காண வெகுதூரம் போக வேண்டியதில்லை. விழுப்புரத்திலிருந்து பனமலைக்குப் போனால் போதும்.

குன்றின் மேல்

விழுப்புரத்துக்கு வடமேற்கே, பெரியதோர் ஏரியை ஒட்டி நிற்கும் பாறைக் குன்று பனமலை. அதன் மேல் தாளகிரீசுவரர் கோயில். ‘தால’ என்றால் வடமொழியிலே பனை. ‘கிரி’ என்றால் மலை. ஊரார் சொல்லும் பனமலைதான் வடமொழி உடுத்திக்கொண்டு சாமியின் பெயராகி நிற்கிறது.

கோயிலை எழுப்பிய மன்னன் பல்லவன் இரண்டாம் நரசிம்மவர்மன். இராசசிம்மன் என்ற பட்டப்பெயரால் நாடறிந்தவன். ஏறத்தாழ கி.பி. 700 முதல் 728 வரை ஆண்டவன். காஞ்சிபுரத்துக் கைலாசநாதர் கோயிலும், மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலும் அவன் காலத்தில் எழுந்தவையே.

படிகளில் ஏறி மேலே சென்றோம். கீழே ஏரியும் வயலும் விரிந்து கிடக்கின்றன. மேலே விமானம் தளம் தளமாக உயர்ந்து நிற்கிறது. கருவறையை ஒட்டிப் புறத்தே சிற்றறைகள். பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் சிங்கங்கள் தூண்களைத் தாங்குகின்றன. இராசசிம்மன் காலத்துக் கட்டடம் என்பதற்கு அந்தச் சிங்கங்களே அடையாளம். கருவறையின் பின்சுவரில் சிவனும் உமையும், நடுவே குழந்தை கந்தனுமாக அமைந்த சோமாஸ்கந்தச் சிற்பம். கடவுள் நம்பிக்கை உள்ளவர் அங்கே கைகூப்புவர். நம்பிக்கை இல்லாதவரும் அந்தக் கைவேலைக்குத் தலைவணங்காமல் திரும்ப முடியாது.

வடபுறச் சிற்றறையிலே ஓர் ஓவியம் இருக்கிறது. பனமலையின் புகழை நாடறியச் செய்தது அதுவே. மணிமுடி தரித்த தேவி, தலைக்கு மேலே குடை. ஒரு கால் மடங்கியிருக்க, உடல் சற்றே சாய்ந்து, முகம் தாழ்ந்து நிற்கிறாள். அவள் காண்பது சிவனின் ஆட்டத்தை. ஆடுகின்ற சிவனின் உருவமோ பெரும்பாலும் அழிந்துவிட்டது. பார்ப்பவள் இருக்கிறாள், பார்க்கப்படுபவனைக் காலம் தின்றுவிட்டது. சுண்ணப் பூச்சு உதிர்ந்தது போக எஞ்சியிருக்கும் அந்தக் கொஞ்ச நிறத்திலே அந்த முகம் இன்னும் உயிரோடு இருக்கிறது. பல்லவர் கால ஓவியமென்று நமக்கு மிஞ்சியிருப்பது மிகச் சிலவே. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலில் சில துண்டுகள், இங்கே இந்த உருவம் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கல்வெட்டும் உண்டு. கிரந்த எழுத்தில், வடமொழிச் செய்யுளில், பல்லவர் குலப் பெருமையும் மன்னன் பெருமையும் பேசுகிறது. காஞ்சிக் கைலாசநாதர் கோயிலிலோ இராசசிம்மனின் பட்டப்பெயர்கள் மட்டும் இருநூறுக்கு மேல் வெட்டப்பட்டிருக்கின்றன. ஒரு மனிதனுக்கு இருநூறு பெயர்! அந்த இருநூறையும் எழுத்துப் பிசகாமல் வெட்டிய கைக்கு ஒரு பெயர்கூட இல்லை. பனமலையிலும் அதே கதைதான். அந்தத் தேவியின் முகத்தைத் தீட்டியவன் எவன்? சிங்கத்தைக் கல்லிலிருந்து எழுப்பியவன் எவன்? சுவர் சொல்லவில்லை.

கல்லோடு மல்லுக்கட்டியவர்

அந்த வேலை எத்தகையது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பனமலைக்கு அருகிலேயே, விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் பக்கம், மண்டகப்பட்டு இருக்கிறது. இராசசிம்மனுக்கு ஏறத்தாழ நூறு ஆண்டு முன்னவனான மகேந்திரவர்மன் அங்கே ஒரு குடைவரை வெட்டுவித்தான். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் இதைச் செய்வித்தேன் என்று பெருமையோடு கல்வெட்டில் பொறித்து வைத்தான். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாத அந்த இடத்தில் இருந்தது என்ன? உளி இருந்தது. உளியைப் பிடித்த கை இருந்தது. இல்லாத பொருளுக்கெல்லாம் பட்டியல் போட்ட கல்வெட்டு, இருந்த கையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

குடைவரையிலிருந்து கட்டடக் கோயிலுக்கு வந்தபோது வேலை இன்னும் பெருகிற்று. பாறையை உடைக்க வேண்டும். உடைத்த கல்லைக் குன்றின் மேல் ஏற்ற வேண்டும். ஒன்றோடொன்று பொருந்தும்படி முகம் சீவ வேண்டும். காஞ்சியில் இராசசிம்மனின் சிற்பிகள் பெரும்பகுதி மணற்கல்லில் வேலை செய்தார்கள். அது உளிக்கு இணங்கும். பனமலையிலோ கடினமான கல். தட்டிப் பார்த்து ஓசையைக் கொண்டே கல்லின் தரமறிவது சிற்பிகளின் வழிவழி அறிவு. அடி சற்றுப் பிசகினால் மூக்கு போகும், விரல் போகும். போனால் ஒட்ட வைக்க முடியாது. முனை மழுங்கிய உளியைக் கொல்லன் உலையில் காய்ச்சி, அடித்துக் கூராக்கி, தோய்த்துத் தந்தால்தான் அடுத்த அடி விழும். ஆகவே ஒரு சிற்பி என்று சொல்லும்போதே அவனுக்குப் பின்னால் கல்லுடைப்பவன், சுமப்பவன், கொல்லன், தச்சன், சுண்ணாம்பு அரைப்பவன் என்று ஒரு கூட்டமே நிற்கிறது.

அடக்கமா?

“நம் சிற்பிகள் அடக்கமானவர்கள், தங்கள் பெயரைப் பொறித்துக்கொள்ள விரும்பவில்லை. எல்லாம் இறைவனுக்கே என்று விட்டுவிட்டார்கள்” என்று மேடைகளில் சொல்லக் கேட்டிருக்கிறோம். கேட்க இனிமையான பேச்சு. ஆனால் உண்மைதானா?

மாமல்லபுரத்தை அடுத்துள்ள பூஞ்சேரிக்குச் செல்லுங்கள். அங்கே ஒரு பாறையில் பல்லவர் கால எழுத்தில் சில பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. கேவாத பெருந்தச்சன், குணமல்லன், பய்யமிழிப்பான், சாதமுக்கியன், கலியாணி, திருவொற்றியூர் அபாஜர், கொல்லன் சேமகன். மாமல்லபுரத்தில் வேலை செய்தவர்கள் இவர்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மன்னன் புகழ் இல்லை; தானம் இல்லை; செய்யுள் இல்லை. வெறும் பெயர்கள்!

வாய்ப்புக் கிடைத்த இடத்தில் அவர்கள் பெயரை எழுதத்தான் செய்தார்கள். அரசன் கோயிலில் இடமில்லை. ஊருக்கு ஒதுக்குப்புறத்துப் பாறையில் இடமிருந்தது. அங்கே எழுதினார்கள். ‘நாங்கள் இருந்தோம், இதைச் செய்தோம்’ என்று வருங்காலத்துக்குச் சொல்லி வைத்தார்கள். அந்தப் பட்டியலிலே கொல்லனையும் விடவில்லை என்பதைக் கவனியுங்கள், தோழர்களே! கோயில்களில் அரசன் தன் பெயரை மட்டும் பொறித்தான். தொழிலாளிகள் எழுதியபோது பெருந்தச்சன் பெயரோடு கொல்லன் பெயரும் ஒரே பாறையில் ஏறியது. உளி கூராகாமல் சிற்பம் இல்லை என்பதைக் கூடவே நின்று வேலை செய்தவர்களைத் தவிர வேறு யார் அறிவார்?

அரசர்களிலும் விதிவிலக்கு உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டிலே குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் பெயர் இருக்கிறது. அரசன் தன் பெயரையே பட்டமாகத் தந்து அவனைச் சிறப்பித்திருக்கிறான். அதற்கும் முன்னே, எட்டாம் நூற்றாண்டில், சாளுக்கியரின் பட்டடக்கல்லில் விருபாட்சர் கோயிலை அமைத்த குண்டன் என்ற சிற்பாசாரியின் பெயரும் பட்டங்களும் கல்லில் ஏறியிருக்கின்றன. ஆகவே, அந்தக் காலத்தில் அப்படி வழக்கமே இல்லை என்று யாரும் தப்பித்துக்கொள்ள முடியாது. மனம் இருந்த இடத்தில் பெயர் ஏறியது. இல்லாத இடத்தில் ஏறவில்லை.

பிரஸ்ஸல்ஸில் ஒரு வீடு

சரி, பெயரைப் போற்றினால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். என்ன ஆகும் என்பதற்கு அயல்நாட்டிலிருந்து ஒரு சான்று காட்டுவோம்.

பெல்ஜியத்தின் தலைநகர் பிரஸ்ஸல்ஸிலே, இக்செல் என்ற பகுதியில், ஒரு தெருவில் வரிசை வீடுகளில் ஒன்றாக நிற்கிறது ஒரு வீடு. பெரிய மாளிகையல்ல. அங்கேதான் கான்ஸ்டான்டின் மெனியே என்ற சிற்பி தம் கடைசிக் காலத்தில் வாழ்ந்தார். பின்கட்டில் வேலை செய்தார். 1831இல் பிறந்து 1905இல் மறைந்தவர். அந்த வீட்டை அரசு வாங்கி, 1939இல் அவர் ஒருவருக்கே உரிய அருங்காட்சியகமாகத் திறந்தது.

யார் இந்த மெனியே? அந்த நாளில் ஐரோப்பாவில் சிலை என்றால் அரசனுக்கு, படைத்தலைவனுக்கு, புராணத் தேவதைக்கு என்பதே பெருவழக்கு. மெனியேவும் இளமையில் சிற்பம் பயின்று, அதைக் கைவிட்டு ஓவியரானவர். 1870களின் இறுதியில் லியேஜ் பகுதியின் இரும்பாலைகளையும், பிறகு பொரினாஜ் பகுதியின் நிலக்கரிச் சுரங்கங்களையும் நேரில் கண்டார். உலையின் முன் வெந்து நிற்கும் மனிதனையும், முகமெல்லாம் கரியாகச் சுரங்கத்திலிருந்து ஏறி வருபவனையும் கண்ட பிறகு அவரால் பழைய வழியில் போக முடியவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு மறுபடியும் மண்ணையும் வெண்கலத்தையும் கையிலெடுத்தார். சம்மட்டி அடிப்பவன், உலைத் தொழிலாளி, துறைமுகத்து மூட்டைத் தூக்கி, சுரங்கத் தொழிலாளி என்று அரசர்கள் நின்ற பீடத்தில் உழைப்பாளியை ஏற்றினார்.

1887இல் குவாரெனோன் என்ற ஊரின் சுரங்கத்தில் வாயு வெடித்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அங்கே சென்ற மெனியே, மாண்டவர் உடல்களிடையே தன் மகனைக் கண்டுகொண்ட ஒரு தாயைச் சிற்பமாக்கினார். கீழே கிடக்கும் மகன்; அவனைக் குனிந்து நோக்கும் தாய். அழுகை இல்லை, அலறல் இல்லை. அந்தக் குனிவிலே எல்லாம் அடங்கியிருக்கிறது. உழைப்புக்கு ஒரு பெரிய நினைவுச் சின்னம் எழுப்ப வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் கனவு. அவர் மறைந்து இருபத்தைந்து ஆண்டுக்குப் பிறகு, 1930இல், அது பிரஸ்ஸல்ஸ் நகரில் எழுப்பப்பட்டது.

அந்தச் சிறிய வீட்டினால் விளைந்த நன்மை என்ன? சிலையைச் சதுக்கத்தில் பார்க்கிறவன் முடிந்த பொருளை மட்டும் பார்க்கிறான். சிற்பியின் பட்டறைக்குள் நுழைகிறவன் வரைபடத்தையும், சுண்ண வடிவத்தையும், வார்த்த வெண்கலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் காண்கிறான். அழகு வானத்திலிருந்து குதிக்கவில்லை, ஒரு மனிதன் நாள்தோறும் வேலை செய்து வரவழைத்தான் என்பதை உணர்கிறான். சிற்பியின் பெயரைப் போற்றுவதன் பயன் இதுவே: உழைப்பு கண்ணுக்குத் தெரிகிறது.

நம்மிடம் அந்தப் பட்டறை இல்லையா? இருக்கிறது. மாமல்லபுரத்திலே பாதியில் நின்றுபோன பிடாரி இரதங்களையும், வலையன்குட்டை இரதத்தையும் போய்ப் பாருங்கள். மேலே வேலை முடிந்திருக்கும். கீழே பாறை பாறையாகவே இருக்கும். கட்டம் கட்டமாகப் பள்ளம் வெட்டி, நடுவில் நிற்கும் துண்டைப் பெயர்த்தெடுத்த முறை அப்படியே கண்ணுக்குத் தெரியும். அங்கே பட்டறையைக் காணலாம். பூஞ்சேரியிலே பெயரைக் காணலாம். பனமலையிலே முடிந்த வேலையைக் காணலாம். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அதுதான் நம் சிற்பியின் அருங்காட்சியகம். கூரை மட்டுந்தான் இல்லை.

நம் காலத்துக் கணக்கு

பழங்கதை போகட்டும். நம் காலத்துக்கு வருவோம். சென்னைக் கடற்கரையில் உழைப்பாளர் சிலையை அறியாத தொழிலாளி உண்டா? நான்கு பேர் ஒரு பெரும்பாறையைப் புரட்டும் அந்த வெண்கலச் சிலை 1959 குடியரசு நாளுக்கு முந்திய நாள் திறக்கப்பட்டது. அந்தக் கடற்கரையில்தான் 1923 மே முதல் நாள் சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதன்முதலாக மே தினம் கொண்டாடினார். அந்தச் சிலையைப் படைத்தவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி. வங்கத்திலே பிறந்தவர், 1929 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சென்னைக் கலைப்பள்ளிக்குத் தலைமை தாங்கியவர், அந்தப் பொறுப்பில் அமர்ந்த முதல் இந்தியர். மே தினத்தன்று அந்தச் சிலைக்கு மாலையிடும் ஆயிரவரில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

குமரிக் கடலிலே 133 அடி உயர வள்ளுவர் சிலை 2000ஆம் ஆண்டு முதல் நாளில் திறக்கப்பட்டது. அதை வடித்த வை. கணபதி ஸ்தபதியின் பெயரை நாடறியும், அது நல்லது. அவரோடு நின்று கல் செதுக்கியவர்கள், படகிலே கல் ஏற்றியவர்கள், சாரம் கட்டியவர்கள் பெயரையும் பூஞ்சேரிக்காரர்களைப் போல ஒரு கல்லில் எழுதி வைத்தால் தமிழ்நாட்டுக்கு எவ்வளவு பெருமை!

உளிச் சத்தம் இன்னும் ஓயவில்லை. மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய சிற்பப் பள்ளி இன்று அரசுக் கல்லூரியாக நடக்கிறது. மாமல்லபுரக் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஊர்ப் பெயருக்குச் சட்டத்தின் காவல் வந்துவிட்டது. செதுக்கும் ஆளுக்கு என்ன வந்தது? இன்று மின்விசைக் கருவிகளால் கல்லை அறுக்கிறார்கள், தேய்க்கிறார்கள். வேலை விரைவாகிறது, தூசியும் பெருகுகிறது. கல்லின் நுண்தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ் நோய் வந்துவிட்டால், கெட்ட நுரையீரலை மீட்கும் மருந்து இல்லை. ஆனால் வராமல் தடுக்க முடியும். நீர் விட்டு அறுப்பது, தூசியை உறிஞ்சும் கருவி வைப்பது, தரமான முகமூடி தருவது, மார்பைச் சோதித்துப் பார்ப்பது ஆகியவை புதிய கண்டுபிடிப்புகள் அல்ல. செலவு செய்ய மனம் வேண்டும். சிற்பத்தை வாங்குகிறவர் பெயர் ரசீதில் இருக்கிறது, விற்கிறவர் பெயரும் இருக்கிறது. செதுக்கியவன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லையென்றால், நாளை அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமும்போது நட்டஈடு கேட்க எந்தச் சான்றைக் காட்டுவான்? பெயர் என்பது வெறும் புகழ் அல்ல, தோழர்களே! பெயர் ஏட்டில் ஏறினால்தான் கூலிக்குக் கணக்கு; விபத்துக்கு ஈடு; முதுமைக்கு ஓய்வூதியம். பல்லவன் காலத்தில் பெயர் விட்டுப்போனது வரலாற்றுக்கு இழப்பு. இன்று விட்டுப்போனால் அது சோற்றுக்கே இழப்பு.

செய்ய வேண்டியது

ஆகவே தோழர்களுக்கு மூன்று வேண்டுகோள்.

ஒன்று: இனி நாம் எழுப்பும் சிலை எதுவாயினும், கட்டும் மன்றம் எதுவாயினும், பலகையில் சிற்பியின் பெயரும் தலைமைக் கொத்தனார் பெயரும் இருக்க வேண்டும். இடம் போதவில்லையென்றால் முன்னிலை வகித்தவர் பட்டியலில் இரண்டு பெயரைக் குறைத்துக்கொள்ளலாம். குடி முழுகிப் போகாது!

இரண்டு: உங்கள் ஊரிலே வயது முதிர்ந்த கல்தச்சர், கொத்தனார், கொல்லர் இருப்பார்கள். எந்தப் பாலத்தை, எந்தப் பள்ளிக்கூடத்தை, எந்தச் சிலையைச் செய்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். அவர்கள் தேய்த்துப் போட்ட பழைய உளியையும் சுத்தியலையும் வாங்கிச் சங்க அலுவலகத்தில் ஒரு அலமாரியில் வையுங்கள். பிரஸ்ஸல்ஸில் இருப்பதும் ஒரு வீடுதான். நமக்கு ஓர் அலமாரி போதும்.

மூன்று: விழுப்புரம், திண்டிவனம் பக்கம் மாநாட்டுக்கு வரும் தோழர்கள் அரைநாள் ஒதுக்கிப் பனமலைக்குச் சென்று வாருங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். அந்த ஓவியத்தைத் தொட வேண்டாம். அருகே விளக்கோ சூடமோ கொளுத்தவும் வேண்டாம். சுவரில் உங்கள் பெயரைக் கிறுக்கவே வேண்டாம். அதை ஆக்கியவனே தன் பெயரை எழுதாத சுவர் அது. “இதைக் கட்டியது யார்?” என்று பிள்ளை கேட்டால், இராசசிம்மன் பெயரைச் சொல்லுங்கள், வரலாறு வேண்டியதுதான். சொல்லிவிட்டு அதோடு நிறுத்திவிடாதீர்கள். கல்லுடைத்தவனும், சுமந்தவனும், உளி தோய்த்தவனும், செதுக்கியவனும், வண்ணம் தீட்டியவனும் சேர்ந்து ஆக்கியது இது என்பதையும் சொல்லுங்கள். அவர்களின் தோழர் சிலருடைய பெயர் பூஞ்சேரிப் பாறையில் இருக்கிறது என்று சொல்லி, அந்த ஏழு பெயரையும் மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள்.

அடுத்த சிலை திறப்பு விழா எங்கேயோ, எந்த நாளோ, அங்கே நாம் போவோம். கைதட்டுவோம். கூட்டம் கலைந்த பிறகு பீடத்தைச் சுற்றி வந்து அந்த ஒரு பெயரைத் தேடுவோம். இல்லையென்றால் உரியவர்களைக் கேட்போம், எழுதப்படும்வரை கேட்போம்.